மறு: கோட்டைக்குள் இருக்கும் படைக்கு ‘மொரால் போனஸ்’ – என்ன சொல் வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். நம் போர் விளையாட்டில் கோட்டைக்குள் நிற்கும் படையின் மனவுறுதிக்குக் கூட்டித் தரும் புள்ளிதான் ‘மொரால் போனஸ்’. அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> ‘ஊக்க வெகுமதி’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாமே. ஒரு சொல்லுக்கு மூன்று நாளா?

போகலாம் தம்பி. ஆனால் ‘வெகுமதி’ என்று பார்த்ததும் ஆட்டக்காரர் பரிசு எங்கே என்று தேடுவார். ‘போனஸ்’ என்றே விட்டால் தீபாவளி ஞாபகம்தான் வரும். அதுகூடப் பரவாயில்லை. விதியே பிசகாக இருக்கிறது, அதற்குப் போய் நல்ல தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று ராத்திரி வாட்டர்லூ களத்தை ஓட்டிப் பார்த்தேன். லா ஹே சாந்த் பண்ணைக்குள் ஒரு படைப்பிரிவு. இப்போதைய கணக்குப்படி மதிலுக்குள் இருந்தால் மனவுறுதியோடு மூன்று கூடும், அவ்வளவுதான். நாலாவது சுற்றில் பகடை சரியாக விழவில்லை. படையின் உறுதி முறிந்து சின்னம் வெள்ளையாகி, மதிலை விட்டு வெளியே வந்து, சுற்றி நின்ற பிரெஞ்சுப் படைக்கு நடுவிலேயே ஓடியது. சுவரை விட்டுவிட்டு எதிரி மடியில் போய் விழுவது எந்த ஊர்ப் பயம்?

1815 ஜூன் 18 அன்று அங்கே நடந்ததே வேறு. பண்ணையைக் காத்த மேஜர் பாரிங்கிடம் தொடக்கத்தில் ஏறத்தாழ 400 பேர், பிரிட்டிஷ் அரசருக்காகப் போரிட்ட ஜெர்மானியர்கள். முந்தின இரவுக் குளிருக்குக் களஞ்சியத்தின் பெரிய கதவையே விறகாக எரித்துவிட்டிருந்தார்கள். விடிந்ததும் அந்தத் திறந்த வாசலில்தான் சண்டை. கூரையில் தீப்பிடித்தபோது, துணைக்கு வந்த நசாவு என்ற ஜெர்மன் நாட்டு வீரர்களின் சமையல் பாத்திரங்களை வாங்கி, முற்றத்துக் குட்டையில் தண்ணீர் மொண்டு அணைத்தார்கள். மாலைவரை நின்றார்கள். தீர்ந்தது தைரியம் அல்ல, தோட்டா. பாரிங் மறுபடி மறுபடி ஆள் அனுப்பியும் வரவில்லை. அவர்கள் கையில் இருந்தது பேக்கர் ரைஃபிள். மற்ற காலாட்படையின் மஸ்கெட் துப்பாக்கிக் குண்டு அந்தச் சின்னக் குழாயில் நுழையாது. சுட ஒன்றும் இல்லை என்றான பிறகே வெளியேறினார்கள். தன்னோடு மிஞ்சியவர்கள் 42 பேர் என்று பாரிங்கே எழுதியிருக்கிறார்.

அதே நாள், சற்று மேற்கே ஊகூமோன் என்ற இன்னொரு பண்ணை. லெக்ரோ என்ற பிரெஞ்சு அதிகாரி கோடரியால் வடக்கு வாயிலைப் பிளந்து ஆட்களோடு உள்ளேயே புகுந்துவிட்டார். உள்ளே காவல் நின்ற பிரிட்டிஷ் அதிகாரி மக்டொனெல்லும் கூட இருந்தவர்களும் தோள்கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் முரசடிக்கும் சிறுவன் ஒருவனைத்தான் உயிரோடு விட்டார்கள் என்பார்கள். அந்தப் பண்ணைக்குள் தோட்டா வண்டி ஒன்று எப்படியோ வந்து சேர்ந்தது. ஊகூமோன் விழவேயில்லை.

இரண்டு இடத்திலும் நெஞ்சுரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆகவே ஒரே எண்ணோடு மூன்றைக் கூட்டுவது போதாது, இரண்டு எண் வேண்டும். ஒன்று ஆளின் மனசுக்கு, இன்னொன்று அவன் நிற்கிற இடத்துக்கு. இரண்டு எண் என்றால் இரண்டு சொல்.

> எங்கட பக்கம் செய்திகளில ‘உளவுரண்’ எண்டுதான் எழுதுறது. அதையே வைக்கலாம்.

வைக்கலாம் அண்ணா, முதல் எண்ணுக்கு அதுதான். மனவுறுதி விரதம் இருப்பவருக்கும் உண்டு. உளவுரண் என்றால் படை கண்ணுக்கு முன் வந்துவிடுகிறது.

இரண்டாவதற்கு நான் முதலில் குறளுக்குப் போனேன். 748இல் ‘பற்றாற்றிப் பற்றியார் வெல்வது அரண்’ என்கிறார். தாம் பற்றிய இடத்தை விடாமல் நின்றவர்கள். நமக்கு வேண்டிய பொருள் அச்சாக இருக்கிறதே என்று ‘பற்றுறுதி’ என்றேன். உங்கள் ஊரில் அதற்கு வேறு பொருள் என்றீர்கள். ‘அரண்பற்று’ என்றதற்கு, மட்டக்களப்பின் மண்முனைப்பற்று, ஏறாவூர்ப்பற்று மாதிரி ஏதோ பிரதேசத்தின் பெயர் போலக் கேட்கிறது என்று சிரித்தீர்கள். கணக்கு எழுதுகிறவருக்கோ பற்று என்றால் வரவு பற்றுத்தான். விட்டுவிட்டேன்.

> நொச்சி?

அக்கா, மதில் காப்பதற்குப் புறப்பொருள் வெண்பாமாலை வைத்த பெயர், அழகுதான். ஆனால் திரையில் ‘நொச்சி 2 குறைந்தது’ என்று வந்தால் ஆவி பிடிக்கத்தான் தோன்றும். களத்தின் பெயராக வைத்துக்கொள்வோம், எண்ணுக்கு வேண்டாம்.

என் முன்மொழிவு: பிடிமானம். கூட்டமான பஸ்ஸில் கம்பி கைக்கு எட்டாதவர் சொல்வாரே, ‘பிடிமானம் இல்ல’ என்று, அதே சொல். அகராதி பார்க்காமல் புரியும், கூடும், குறையும். வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்:

‘தோட்டா தீர்ந்தால் பிடிமானம் பாதியாகும்.’
‘மதிலில் உடைப்பு விழுந்தால் பிடிமானம் 2 குறையும்.’
‘பிடிமானம் உள்ளவரை உளவுரண் சோதனை இல்லை.’

கடைசி விதிதான் முக்கியம். உளவுரண் சோதனை என்றால், படை நிற்குமா ஓடுமா என்று பகடை போட்டுப் பார்ப்பது. அது வந்துவிட்டால் சின்னம் மதிலை விட்டு ஓடாது. பிடிமானம் பூஜ்யமாகி, வெளியே போக வழியும் இல்லை என்றால் ‘முறிவு’ (சிதறி ஓடுவது) வராது, ‘சரண்’ வரும். 1810 ஆகஸ்ட் 26 அன்று போர்ச்சுகலின் அல்மேய்தா கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியது. காவல்படை மறுநாளே பணிந்தது. அந்தக் களத்தில் கிடங்கு போனால் பிடிமானம் ஒரே அடியில் பூஜ்யம் என்று வைக்கவேண்டும்.

மதில் இடிந்து திறப்பதற்குப் ‘பிளவா, உடைப்பா’ என்று கேட்டிருந்தீர்கள். உடைப்பு. ஏரிக்கரைக்குச் சொல்வதுதான் மதிலுக்கும். பிளவு கட்சியில் வருவது.

வெள்ளிக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். லா ஹே சாந்துக்கு மட்டும் தொடக்கப் பிடிமானத்தில் ஒன்று குறைத்து வைக்கிறேன். கதவைத்தான் எரித்துவிட்டார்களே.