வெல்டிங் ஹெல்மெட்: ‘முகமறை’ என்ற சொல்லுக்கான முன்மொழிவும் ‘இருள் எண்’ பற்றிய சில குறிப்புகளும்

மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

வெல்டிங் பட்டறைகளுக்கான கண் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருவதாகவும், ‘வெல்டிங் ஹெல்மெட்’ என்பதற்குப் பொருத்தமான சொல் தேவைப்படுவதாகவும் சென்ற வாரம் இந்தக் குழுவில் எழுதியிருந்தேன். அக்கறையோடு விடையளித்த அனைவருக்கும் நன்றி. வந்த பரிந்துரைகளுள் ‘பற்றவைப்புத் தலைக்கவசம்’, ‘வெல்டிங் முகக்கவசம்’, ‘ஒளிக்காப்பு முகமூடி’ ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, பட்டறையில் இந்தக் கருவியை நாள்தோறும் அணிபவர்களிடமும் பேசிப் பார்த்தபின் என் கருத்தை எழுதுகிறேன்.

‘தலைக்கவசம்’ இருசக்கர வண்டியோடு முழுமையாக ஒட்டிப்போன சொல். மண்டையில் அடிபடாமல் காப்பது என்பதே அதன் பொருளாக மக்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. நாம் பேசும் கருவியோ ஒளியிலிருந்தும் தெறிக்கும் பொறியிலிருந்தும் முகத்தைக் காப்பது. மேலிருந்து இரும்புத் துண்டு விழுந்தால் அது தலையைக் காக்காது. கட்டுமான இடங்களில் உச்சிக்குக் கடினத் தொப்பியும் முகத்துக்கு இந்தக் கருவியும் எனத் தனித்தனியாகவோ சேர்த்தோ அணிய வேண்டியிருப்பதால், இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது ஆபத்தான குழப்பத்தைத் தரும்.

‘முகக்கவசம்’ 2020-க்கு முன் வந்திருந்தால் நானே அதை ஏற்றிருப்பேன். பெருந்தொற்றுக் காலத்தில் அது மூக்கையும் வாயையும் மூடும் துணிக்கு உரியதாகிவிட்டது. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகை, வெல்டிங்கில் வெளிப்படும் புறஊதாக் கதிர் ஆகிய இரண்டையுமே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று முதல் பிரிவில் வகைப்படுத்தியது. புகைக்கு மூச்சுக் காப்பு வேண்டும், கதிருக்கு முகமும் கண்ணும் மறைய வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. ‘முகக்கவசம் அணிந்து வேலை செய்யவும்’ என்று சுவரில் எழுதிவைத்தால், தொழிலாளி எதை அணிவார்? துணியைக் கட்டிக்கொண்டு ஆர்க்கை (வெல்டிங்கில் எழும் மின்சுடரை) வெறுங்கண்ணால் பார்த்தாலும் அவர் அறிவிப்புக்குக் கீழ்ப்படிந்தவரே ஆவார்.

‘முகமூடி’ திருடனையும் கூத்தையும் நினைவூட்டுவதால் அதை நீட்டிப் பேச வேண்டியதில்லை.

ஆகவே நான் முன்வைப்பது ‘முகமறை’. பதிற்றுப்பத்தில் சேர மன்னனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று புலவர் விளிக்கிறார். மெய்யை மறைப்பதால் கவசம் மெய்ம்மறை ஆயிற்று. அதே அச்சில் முகத்தை மறைப்பது முகமறை. மறைத்தலும் காத்தலும் ஒரே சொல்லில் வருவது இந்தக் கருவிக்கு மிகவும் பொருந்துகிறது. ஏனெனில் இது காப்பதே மறைப்பதன் மூலமாகத்தான். தனியே சொன்னால் புரியாத இடங்களில் ‘பற்றவைப்பு முகமறை’ என்று விரித்துக்கொள்ளலாம். கையில் பிடித்துக்கொள்ளும் பழைய வகையைக் ‘கைக்கேடயம்’ என்று பிரித்துவிடலாம். பட்டறையிலும் அதைக் ‘கை ஷீல்டு’ என்றே சொல்கிறார்கள்.

இதற்கு எதிராக ஒரு கேள்வியை நானே எழுப்பிக்கொண்டேன். திருகாணியின் சுற்றைத் தொழிலாளர் ‘மரை’ என்கிறார்கள். பேச்சில் றகரமும் ரகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால் ‘முகமறை’ வேறு ஏதோ திருகுப் பொருளாகக் கேட்குமோ என்று அஞ்சினேன். நான்கைந்து பேரிடம் சொல்லிப் பார்த்ததில் ஒருவர்கூட அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. ‘முகம்’ முன்னே நிற்பது போதுமானதாக இருக்கிறது.

‘பற்றவைப்பு’ செயற்கையான சொல் என்று குழுவில் வந்த கருத்தையும் ஏற்க இயலவில்லை. ஓட்டைப் பாத்திரத்தை ஈயம் வைத்து அடைப்பதை ‘பத்த வைக்கிறது’ என்று சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 1975 முதல் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் திருச்சியிலும், அதைச் சுற்றியுள்ள துவாக்குடிப் பட்டறைகளிலும் ‘வெல்டிங்’ என்பதே நாவில் நிற்கிறது என்பது உண்மை. கையேட்டில் இரண்டையும் ஆளலாம் என்று எண்ணுகிறேன். கருவியின் பெயரில் மட்டும் தெளிவு தவறக் கூடாது.

இனி, எனக்கு இதைவிட முக்கியமாகப் படும் சொல்லுக்கு வருகிறேன். முகமறையில் கண்ணுக்கு எதிரே பொருத்தும், ஒளியைக் குறைக்கும் வடிகண்ணாடி எவ்வளவு ஒளியை விடுகிறது என்பதைக் குறிக்க 8, 10, 11, 13 என்று எண்கள் இடப்படுகின்றன. எங்கள் பட்டறைக்கு வந்த பெட்டி ஒன்றின் உள்ளே இருந்த தமிழ்த் தாளில், ‘ஷேடு’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து, அது ‘நிழல் 9–13’ என்று அச்சாகியிருந்தது. மரத்தடி நிழலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். குழுவில் ஓர் அன்பர் பரிந்துரைத்த ‘பாதுகாப்பு எண்’ கேட்க நன்றாக இருந்தாலும், அதைத்தான் நான் மிக வலுவாக மறுக்கிறேன்.

இந்த எண் அளப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே. 10 ஆம் எண் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 7,000-இல் ஒரு பங்கையும், 11 ஆம் எண் ஏறத்தாழ 19,000-இல் ஒரு பங்கையும் உள்ளே விடுகிறது; எண் ஒன்று கூடினால் ஒளி சுமார் 2.7 மடங்கு குறைகிறது. கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும் புறஊதாவையும், சூடாக்கும் அகச்சிவப்பையும் தடுப்பது வேறொரு படலத்தின் வேலை. ஆர்க் பற்றியதும் தானாக இருளும் வகைக் கண்ணாடியில் அந்தப் படலம் எப்போதும் செயலில் இருக்கிறது. தரமான கண்ணாடியில் எண்ணை 9-இல் வைத்தாலும் 13-இல் வைத்தாலும், மின்கலம் தீர்ந்து கண்ணாடி இருளாமலே போனாலும், புறஊதாத் தடுப்பு குறைவதில்லை; அப்போது கண் கூசும், ஆனால் அந்தக் கதிர் உள்ளே வராது.

‘பாதுகாப்பு எண்’ என்று பெயர் வைத்தால் என்ன நடக்கும் என்பதை நான் கண்டிருக்கிறேன். எங்களிடம் வேலை பழகிய தம்பி ஒருவர், கடைக்காரர் 13 தான் அதிகப் பாதுகாப்பு என்று சொன்னதை நம்பி, 80 ஆம்பியர் வேலைக்கும் 13-இலேயே வைத்திருந்தார். இணைப்பு வரி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாததால் முகமறையைச் சற்றே தூக்கி, ராடு (வெல்டிங் கம்பி) பற்றிய பிறகு இறக்கத் தொடங்கினார். வேலை நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் எரிச்சலும் நீரும் வந்து துடித்துவிட்டார். ‘ஆர்க் அடித்துவிட்டது’ என்று நம் பட்டறைகளில் சொல்லப்படும் இந்தத் துன்பம் பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தே வெளிப்பட்டு, ஓரிரு நாளில் தணிகிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையின் பட்டியல்படி, 60 முதல் 160 ஆம்பியர் வரையிலான ராடு வெல்டிங்குக்குக் குறைந்தது 8, வசதியானது 10. 160 முதல் 250 வரை குறைந்தது 10, வசதியானது 12. இருண்ட எண்ணில் தொடங்கி, வேலை தெளிவாகத் தெரியும்வரை இறங்கிவந்து, குறைந்த அளவுக்குக் கீழே போகாமல் நிறுத்த வேண்டும் என்பதே முறை. எண் கூடக்கூடப் பாதுகாப்பு கூடும் என்று சொல்லும் பெயர் இந்த முறைக்கு நேர் எதிரானது.

எனவே ‘இருள் எண்’ என்பதை முன்மொழிகிறேன். ‘கருமை எண்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் பல கண்ணாடிகள் கரும்பச்சையாக இருப்பதால் நிறத்தைக் குறிக்கும் சொல் பொருந்தவில்லை. இருள் என்பது நிறமன்று, ஒளிக் குறைவு. மேலும், ‘இருள்’ வினையடியாகவும் நிற்பதால், தானே இருளும் வகையைத் ‘தானிருள் கண்ணாடி’ என்று வினைத்தொகையாக அழைக்கலாம். 1981-இல் சுவீடனிலிருந்து ‘ஸ்பீட்கிளாஸ்’ என்ற பெயரில் இவ்வகை விற்பனைக்கு வந்தது. ஒளியுணரி ஆர்க்கைக் கண்டதும் நீர்மப் படிகத்தின் மீது மின்னழுத்தம் மாறி, நொடியின் மிகச் சிறிய பங்கில் கண்ணாடி இருண்டுவிடும்.

இச்சொல் வாங்குபவருக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. கடையில் விளக்கின் முன் காட்டி, இருள்கிறதா என்று பார்த்து வாங்கும் பழக்கம் உண்டு. அந்தச் சோதனை இருளுவதை மட்டுமே காட்டும். புறஊதாத் தடுப்பு இருக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய வழியே இல்லை. அதற்குத் தரக்குறியைத்தான் பார்க்க வேண்டும். இந்தியத் தரமான ஐ.எஸ். 1179, ஐரோப்பியத் தரமாக இருந்துவந்த இ.என். 379 (அல்லது அதற்குப் பதிலாக வந்த இ.என். ஐ.எஸ்.ஓ. 16321), அமெரிக்கத் தரமான இசட் 87.1 ஆகியவற்றுள் ஒன்று கண்ணாடியின் மீது பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். இ.என். 379 குறியில் 1/1/1/2 என்பதுபோல் வரும் நான்கு எண்களுக்கு முறையே ‘காட்சித் தெளிவு’, ‘ஒளிச்சிதறல்’, ‘சீர்மை’, ‘கோணச் சார்பு’ என்று எழுதலாம்; 1 சிறந்தது, 3 தாழ்ந்தது. இங்கே எண் குறைவதே நல்லது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட எண்ணியிருக்கிறேன்.

உணரிகளைப் பொறுத்தவரை சொல் சிக்கல் இல்லை. குழாய்களுக்கு இடையே குனிந்து வேலை செய்யும்போது ஓர் உணரி மறைந்துவிடலாம் என்பதால் இரண்டைவிட நான்கு நல்லது. குறைந்த ஆம்பியர் டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையும் காப்பு வாயுவும் கொண்டு செய்யும் முறையில்) மங்கிய ஆர்க்கைச் சில மலிவான உணரிகள் தவறவிடுகின்றன. தானிருள் வகைக்குப் பணம் போதாதவர்கள் முத்திரையுள்ள நிலையான கண்ணாடி போட்ட முகமறையைத் தயக்கமின்றி வாங்கலாம். முத்திரையற்ற தானிருள் கண்ணாடியைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. ஆர்க் அணைந்தபின் கண்ணாடி மீண்டும் தெளிவதற்கு எடுக்கும் நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. உருகிய உலோகம் சற்று நேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும் பெரிய வேலைகளுக்கு அதைக் கூட்டி வைப்பார்கள். ‘தாமதம்’ என்றால் இருளத் தாமதமாகிறது என்று தவறாகப் படிக்க இடமிருக்கிறது. ‘தெளிநேரம்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்குமுன் அந்தப் பக்கத்தைத் திருத்திவிடுகிறேன்.