புதுப்பிப்பு: கூம்புத் தொட்டியில் அந்த மூன்று மடங்கு எங்கிருந்து வந்தது
போன வாரம் புலம்பியிருந்தேனே, அந்தத் தொட்டிக் கணக்கு: தலைகீழ்க் கூம்பு, உயரம் 6 மீட்டர், மேல்வாய் ஆரம் 3 மீட்டர், நிமிடத்துக்கு 2 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. ஆழம் 4 மீட்டராக இருக்கும்போது நீர்மட்டம் என்ன வேகத்தில் ஏறும்? எனக்கு நிமிடத்துக்கு 0.48 மீட்டர் வந்தது, விடைப் பக்கத்தில் 0.16. அச்சுப் பிழை என்று அடித்துச் சொல்லியிருந்தேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

4 மீட்டர் ஆழத்தில் ஆரம் 2 என்பது சரிதான். ஆனால் வகையிடும் முன்பே, அதாவது மாறும் வேகத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே, அந்த 2-ஐப் போட்டுவிட்டேன். போட்டதும் ஆரம் உறைந்துபோனது. தண்ணீர் ஏற ஏற அகலமும் கூடுவது கணக்கிலேயே இல்லை. வடிவொத்த முக்கோணப்படி ஆரம் எப்போதும் ஆழத்தில் பாதி. அப்படி வைத்தால் கன அளவில் ஆழத்தின் மும்மடி (ஆழம் × ஆழம் × ஆழம்) வரும். அதை வகையிடும்போது முன்னால் வந்து நிற்கிற 3-தான் நான் தொலைத்த மூன்று.

சரிபார்க்க ஒரு குறுக்குவழியும் கிடைத்தது. அந்த நொடியில் நீர்ப்பரப்பு 4 பை, சுமார் 12.57 சதுர மீட்டர். 2-ஐ அதால் வகுத்தால் நேராக 0.16. முதலிலேயே செய்திருந்தால் மானம் தப்பியிருக்கும்!

ஏணி சறுக்கும் கணக்கிலும் இதே கோளாறுதான் பண்ணியிருக்கிறேன். இன்று ராத்திரி திரும்பப் போடணும்.