முள்ளிரையும் தூவுதீனியும்: தூண்டில் மீன்பிடிப்புக்கு ‘இரை’ என்ற ஒரு சொல் போதாது

அன்புடையீர்,

நன்னீர்த் தூண்டில் மீன்பிடிப்புக்கான சொற்பட்டியலில், முள்ளில் குத்தாமல் தனியாக நீரில் இடப்படும் பொருளுக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. ஆங்கிலத்தின் ‘கிரவுண்ட்பெயிட்’ என்ற சொல்லை அப்படியே பெயர்த்துத் ‘தரையிரை’ என்றார் ஒருவர். ‘ஈர்ப்புணவு’ என்றார் மற்றொருவர். மூன்றாமவர் ‘தூவிரை’ என்றார். மூன்றையும் பொருளோடு ஒட்டிப் பார்த்தபின், ‘தூவுதீனி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதனுடன், முள்ளில் கோக்கப்படுவதற்கு மட்டும் ‘முள்ளிரை’ என்ற சொல்லை ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டுக்கும் ஏன் வெவ்வேறு சொற்கள் வேண்டும் என்பது, இவற்றைத் தயாரிக்கும் முறையைப் பார்த்தால்தான் விளங்கும். அணையிலோ கண்மாயிலோ கெண்டைக்குத் தூண்டில் போடுபவர் முதலில் தவிட்டை வறுத்து, ஊறவைத்து உதிர்த்த கடலைப் புண்ணாக்குடன் கலந்து, கையால் பிடித்தால் நிற்கும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து உருண்டையாக்குகிறார். தக்கை நிற்கப்போகும் இடத்தில் அதை எறிகிறார். உருண்டை நீருக்குள் உடைந்து, துகளும் மணமும் பரவ, சுற்றியுள்ள மீன்கள் அங்கே கூடுகின்றன. அதன் பிறகுதான் கோதுமை மாவையோ மைதாவையோ பிசைந்து முள்ளில் ஏற்றுகிறார். முதலாவது உடைய வேண்டும். இரண்டாவது உடையக் கூடாது. மைதாவிலும் கோதுமையிலும் உள்ள பசைப்புரதம், பிசையப் பிசைய இழுவையாகி முள்ளைப் பற்றிக்கொள்கிறது. தவிட்டிலும் புண்ணாக்கிலும் அந்தப் புரதம் இல்லாததால் அவை உதிர்கின்றன. எறியும் கலவையில் மைதா கூடிவிட்டால், உருண்டை கட்டியாகவே அடியில் கிடந்து, ஒரே மீனுக்கு முழு உணவாகிவிடும். முள்ளில் ஏற்றும் மாவில் தவிடு கூடிவிட்டால், தூண்டில் நீரைத் தொட்டவுடனேயே முள் வெறுமையாகிவிடும். மாவு கழன்று போகாதிருக்க அதில் பஞ்சிழையைச் சேர்த்துப் பிசைபவர்களும் உண்டு. ஓடும் ஆற்றில் எறியும் உருண்டை இழுத்துச் செல்லப்படாமல் இறங்க வேண்டும் என்பதற்காக அதில் களிமண்ணையும் சேர்க்கிறார்கள்.

இவ்வாறு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு செய்முறைகளுக்கு நம்மிடம் ‘இரை’ என்ற ஒரே சொல்தான் எழுத்தில் இருக்கிறது. ‘இரையைக் கெட்டியாகப் பிசையவும்’ என்று ஒரு பத்தியிலும், ‘இரை எளிதில் உதிருமாறு பிசையவும்’ என்று அடுத்த பத்தியிலும் எழுதினால், புதிதாகத் தூண்டில் எடுக்கும் ஒருவர் எதை எப்படிச் செய்வார்? கலைச்சொல்லின் தேவை இங்கே உண்மையான தேவை.

‘தரையிரை’யை நான் ஏற்காததற்குக் காரணம் மீன்களின் வாய். கட்லாவின் வாய் மேல்நோக்கி அமைந்தது. அது நீரின் மேற்பகுதியில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்பது. ரோகு இடைநீரில் மேய்வது. மிர்கால் அடியில் மேய்வது. கட்லாவுக்காக எறியும் கலவை மெல்ல இறங்கியபடியே மேல்நீரில் புகைபோல் பரவ வேண்டும். அது தரையைத் தொட்டுவிட்டால் வந்த வேலை நடக்காது. மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கம் 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் ஆழ நீரில் கட்லாவுக்குத் தூண்டில் போடுபவரிடம் ‘தரையிரை’ என்றால் அவர் அதை அடிமீனுக்கு உரியதாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆங்கிலச் சொல்லில் அந்தப் பகுதி எப்படியோ ஒட்டிக்கொண்டது என்பதற்காக நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

‘ஈர்ப்புணவு’ என்பதில் உள்ள குறை, அது எதையும் பிரித்துக் காட்டாது என்பதே. முள்ளில் நெளியும் மண்புழுவும் மீனை ஈர்க்கத்தான் செய்கிறது.

‘தூவிரை’ அழகான சொல். தூவு என்பதன் ஈற்று உகரம் கெடலாமா என்று அதன் புணர்ச்சி பற்றி எழுந்த ஐயத்துக்கு இடமில்லை. முற்றியலுகரமும் சில இடங்களில் உயிர் வரும்போது கெடும் என்று நன்னூல் இடம் தருவதால், தூவு என்பதும் இரை என்பதும் தூவிரை என்று சேர்வது இலக்கணப்படி சரியே. ஆனால் அதே சொல்லைத் ‘தூ’ என்றும் ‘இரை’ என்றும் பிரித்து, இடையில் உடம்படுமெய் வந்ததாகவும் கொள்ளலாம். ‘தூ’ என்பதற்குத் தூய்மை என்ற பொருளும் ஊன் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. ஊன் இரை என்று ஒருவர் பொருள் கொண்டால், தவிட்டுருண்டையைக் குறிக்க வந்த சொல் கோழிக்குடலைக் குறித்துவிடும். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்தச் சொல்லும் ‘இரை’ என்றே முடிகிறது என்பதுதான்.

தமிழில் இரையும் தீனியும் ஒன்றல்ல. பாம்பு இரை விழுங்குகிறது. கொக்கு இரைக்குக் காத்திருக்கிறது. கோழி குப்பையைக் கிளறி இரை பொறுக்குகிறது. விலங்கு தானே தேடிப் பிடிப்பது இரை. தீனி என்பது மனிதன் கொண்டுவந்து இடுவது: மாட்டுத் தீனி, கோழித் தீனி. முள்ளில் இருப்பதை மீன் தன் இரை என்று எண்ணித்தான் விழுங்குகிறது. சூதின் வெற்றியைச் சொல்லும் 931-ஆம் குறளில் ‘தூண்டிற்பொன்’ என்று மட்டுமே இருக்கிறது. பொன் என்பது அங்கே இரும்பு. பரிமேலழகர்தான் அந்த இரும்பு இரையால் மறைந்திருப்பதையும், மீன் அதை இரை என்று கருதி விழுங்குவதையும் விரித்துச் சொல்கிறார். முள்ளை மறைப்பது, மீனை மயக்குவது ஆகிய இரண்டும் அந்த உரையில் ‘இரை’ என்ற சொல்லின் மேல் ஏற்றப்பட்டுள்ளன. எறியும் தவிட்டில் முள் இல்லை, மறைப்பதற்கும் ஒன்றும் இல்லை. அது இடப்படுவது, ஆகவே தீனி.

வங்காளிகள் இந்தப் பிரிவை மிகத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். முள்ளில் இருப்பது ‘டோப்’. நீரில் இடுவது ‘சார்’. கடுகுப் புண்ணாக்கோடு வறுத்த வெந்தயம், வசம்பு, கச்சோலம் போன்ற மணப்பொருள்களைச் சேர்த்துச் சார் தயாரிப்பது அங்கே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. சிவப்பெறும்பின் முட்டையை டோப்பாக முள்ளில் வைக்கிறார்கள். கட்லாவும் ரோகும் காவிரிக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்கள் என்பதால், அவற்றைப் பிடிக்கும் நுட்பத்தில் வங்காளத்திடம் நாம் கற்க நிறைய இருக்கிறது. யப்பானியரும் இவ்வாறே, தூவப்படும் தீனி, பொருத்தப்படும் தீனி என்று கையின் செயலை வைத்து இரண்டு சொற்களை ஆள்கிறார்கள். வெவ்வேறு மொழிகள் ஒரே இடத்தில் கோடு போட்டிருப்பதால், அந்தக் கோடு பொருளிலேயே இருக்கிறது என்று நம்புகிறேன்.

இனி, இந்தச் சொல்லுக்கு எழக்கூடிய தடைகளுக்கு வருகிறேன்.

> உருண்டையாக எறிவதையும், கம்பிக்கூண்டில் அடைத்து இறக்குவதையும் தூவுதல் என்று எப்படிச் சொல்வது?

கையில் இருக்கும்போது அது உருண்டையாக இருக்கலாம், கூண்டுக்குள் இருக்கலாம், வெறும் பொடியாகவும் இருக்கலாம். நீருக்குள் போனபின் அது தூவப்பட்டாக வேண்டும். அப்படி ஆகாத கலவை கெட்டுப்போன கலவை. எனவே கையின் செயலைவிட நீருக்குள் நடப்பதையே இந்தச் சொல் குறிப்பதாகக் கொள்வோம். கூண்டுக்குத் ‘தூவுதீனிக் கூண்டு’ என்ற பெயரும் இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

> தீனி என்றால் மீன்பண்ணையில் போடும் தீவனத்தோடு குழம்பாதா?

இது வலுவான தடை. பண்ணைக் குளங்களில் கெண்டை இனங்களுக்கு வழக்கமாக இடப்படுவதும் இதே தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான். ஆனால் பண்ணையில் மீன் வயிறு நிறைந்து வளர வேண்டும். தூண்டிலில் மீன் கூட வேண்டும், வயிறு நிறையக் கூடாது. அந்த வேறுபாட்டைத் ‘தூவு’ என்ற முன்னொட்டும் ‘தீவனம்’ என்ற வழக்குச் சொல்லும் சேர்ந்து காத்துக்கொள்ளும் என்றே கருதுகிறேன். தீனி என்றாலே வயிற்றை நிரப்புவது என்று எண்ணத் தேவையில்லை. நாவைத் தூண்டிவிட்டு, பசியை அப்படியே விட்டுவைக்கும் பண்டத்துக்கு நாம் நொறுக்குத்தீனி என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்?

எழுத்துமுறை பற்றி ஒரு சிறு குறிப்பு. இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல ஒற்று மிகாது. ‘தூவுத்தீனி’ என்று எழுதுவது பிழை. பட்டியலில் ஏறும்போதே சரியாக ஏறிவிட வேண்டும்.

பொருளின் பெயரையும் அதன் பணியின் பெயரையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1970-களில் கெண்டை பிடிப்பவர்களிடையே பரவிய ‘பாய்லி’ இதற்கு நல்ல சோதனை. மாவு, ரவை, மீன்தூள் போன்றவற்றை முட்டையில் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, கொதிநீரில் ஓரிரு நிமிடம் அவித்து எடுப்பார்கள். மேல்தோல் இறுகிவிடுவதால் சிறு மீன்கள் கொத்திக் கரைக்க முடியாமல், பெரிய மீன் வரும்வரை அது தாங்குகிறது. ஜிலேபி (திலாப்பியா) மீனின் குஞ்சுகள் மாவை நொடியில் கொத்தித் தீர்த்துவிடும் நம் குளங்களுக்கும் இது மிகவும் ஏற்றது. இதற்கு ‘அவியிரை’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. ஆனால் அதே உருண்டைகளைத் தனியாக நீரில் வீசி மீன்களைப் பழக்குவதும் உண்டு. அப்போது அது இரையாகாது. ஆகவே பொருளுக்கு ‘அவியுருண்டை’ என்று பெயர் வைப்போம். முள்ளோடு சேர்ந்தால் அது முள்ளிரை, வீசினால் தூவுதீனி. முள்ளுக்கு வெளியே ஒரு மெல்லிய இழையில் அதைத் தொங்கவிடும் முறையிலும் அது முள்ளோடு பிணைந்தே இருப்பதால், முள்ளிரை என்ற பெயருக்கு ஊறு இல்லை. மண்புழுவுக்கும் இதே விதிதான்: முழுப்புழு முள்ளிரை, நறுக்கித் தவிட்டில் கலந்தால் தூவுதீனியின் ஒரு பகுதி. ஊறவைத்து மென்மையாகும்வரை வேகவைத்த மக்காச்சோளம், கொண்டைக்கடலை ஆகியவற்றைத் தானியத்தின் பெயராலேயே அழைக்கலாம், தனிச்சொல் வேண்டாம். அவற்றை வேகவைக்காமல் வீசினால் மீனின் குடலுக்குள் போய் ஊதும் என்ற எச்சரிக்கையை மட்டும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

எல்லா மீனுக்கும் தூவுதீனி பயன்படாது என்பதும் விளக்கத்தில் இடம்பெறுவது நல்லது. கெளுத்தியின் மீசைகளில் சுவையறியும் மொட்டுகள் இருப்பதால், கலங்கிய நீரிலும் இரவிலும் அது மணத்தையும் சுவையையும் பின்பற்றி வருகிறது. கோழிக்குடலும் மண்புழுவும் அதற்கு ஏற்றவை. விரால் அசைவைக் கண்டு பாய்வது. அதற்குத் தவிட்டை எவ்வளவு தூவினாலும் பயனில்லை. தவளையோ சிறு மீனோதான் அதற்கு உரிய முள்ளிரை. உயிருள்ள சிறு மீனைக் கோப்பதற்கு ‘உயிரிரை’ என்ற சொல் ஏற்கெனவே ஏற்கப்பட்டுவிட்டது, மகிழ்ச்சி. அந்தச் சிறு மீனை அதே நீர்நிலையிலிருந்து எடுக்க வேண்டும் என்ற வரியையும் அங்கே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி, இன்று நாட்டு மீன்களை நெருக்கிக்கொண்டு நிற்பதை நாம் பார்க்கிறோம். ஒரு குளத்தின் மீனை வாளியில் எடுத்துப்போய் மற்றொரு குளத்தில் விடுவதற்குத் தூண்டில்காரர்கள் காரணமாகக் கூடாது.

ரப்பர் தவளை, உலோகக் கரண்டி போன்றவற்றுக்கு முன்மொழியப்பட்ட ‘பொய்யிரை’ பற்றி எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை. குஞ்சு காக்கும் விரால் ரப்பர் தவளையைத் தாக்குவது பெரும்பாலும் பசியால் அன்று. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை நெருங்கும் எதையும் விரட்டுவதற்காகவே தாக்குகிறது. அந்தத் தாக்குதலில் இரை என்ற எண்ணமே இல்லை. அப்படிப்பட்ட விராலைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் காவலின்றி மற்ற மீன்களுக்கு இரையாகும் என்பதையும் எழுத வேண்டும். வேட்டையில் விலங்கைக் காட்டி விலங்கைப் பிடிக்கும்போது, அப்படிக் காட்டப்படும் விலங்குக்குப் ‘பார்வை’ என்ற சொல் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. புறநானூறு 320-இல் வரும் ‘பார்வை மடப்பிணை’ என்ற பெண்மான் அத்தகையதே. அந்தச் சொல்லை இங்கே மீட்டெடுக்க முடியுமா என்று தனி மடலில் பேசலாம்.

இப்போதைக்குப் பட்டியலில் சேர்ப்பதற்கான விளக்கங்கள்:

முள்ளிரை: தூண்டில் முள்ளில் கோத்தோ, முள்ளோடு பிணைத்தோ, மீன் விழுங்குவதற்காக வைக்கப்படுவது.

தூவுதீனி: மீன்களைத் தூண்டில் இருக்கும் இடத்தில் கூட்டுவதற்காக, முள்ளின்றி நீரில் இடப்பட்டு, உதிர்ந்து பரவும் கலவை.

தாமிரபரணிக் கரையிலோ, பவானிசாகர், வைகை அணைப் பகுதிகளிலோ, மட்டக்களப்பு, வன்னிக் குளங்களிலோ தூண்டில் போடுபவர்கள் இந்தக் கலவையைத் தங்கள் பேச்சில் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன். தூண்டில் இழைக்கு நரம்பு, தங்கூசி என்ற பெயர்களும், தக்கை, ஈயக்குண்டு என்ற சொற்களும் அவர்களிடமிருந்து வந்தவைதாம். இதற்கும் ஒரு சொல் அவர்கள் வாயில் இருக்குமானால், தூவுதீனியை நான் உடனே திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

அன்புடன்.