18 பேர் ஆபீஸ், 12,000 ரூபாய்: கிறிஸ்துமஸ் பார்ட்டிய இந்தத் தடவையாவது ஒழுங்கா நடத்தணும்

உப்புக்காத்து:
தூத்துக்குடியில ஒரு சின்ன கிளியரிங் ஏஜென்சில (கப்பல் சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலை பாக்குற ஆபீஸ்) கணக்கு பாக்குறேன். மொத்தம் 18 பேர். ஆயுத பூஜை, பொங்கல், பிறந்தநாள்னு எது வந்தாலும் "நீயே பாத்துக்கம்மா"ன்னு அண்ணாச்சி (முதலாளிதான், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) என் தலையில கட்டிருவாங்க. கிறிஸ்துமஸும் அப்படித்தான் வந்து சேந்துச்சு.

போன வருஷக் கதைய சொன்னாத்தான் என் கவலை புரியும். 24-ம் தேதி சாயந்தரம் அஞ்சு மணிக்கு வச்சோம். ஆபீஸ்ல கிறிஸ்தவங்க நாலு பேரு. அதுல ரெண்டு பேர் மூணரைக்கே பெர்மிஷன் போட்டுட்டுப் போயிட்டாங்க, மத்த ரெண்டு பேர் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. கேக் வெட்டினதும் அண்ணாச்சிக்கு ஒரே குஷி. வரிசையா எல்லார் வாயிலயும் ஊட்டிக்கிட்டே வந்தாங்க. டாக்குமென்டேஷன்ல இருக்க தம்பி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். முட்டை கேக்கு. அவன் வாய இறுக்கி மூடிக்கிட்டு பின்னால சாயுறான், அண்ணாச்சி கை அந்தரத்துல நிக்குது, க்ரீம் அவன் கறுப்பு வேட்டியில சொத்துன்னு விழுது. அதுக்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கல. அவன் குழாயடியில நின்னு வேட்டிய அலசிக்கிட்டிருந்தது இன்னும் கண்ணுல இருக்கு.

இந்த வருஷம் 19-ம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் வைக்கலாம்னு இருக்கேன். பிரியாணி, ப்ளம் கேக், மக்ரூன், அப்புறம் கிறிஸ்மா - கிறிஸ்சைல்டு (சீட்டுல யார் பேரு வருதோ அவங்களுக்கு ரகசியமா கிஃப்ட் குடுக்குற விளையாட்டு). மாலை போட்டவங்க ரெண்டு பேர், சுத்த சைவம் மூணு பேர், ஒரு முஸ்லிம் அண்ணன். எதையாவது கோட்டை விடுறேனா? பீரோவுல சான்டா டிரெஸ் வேற கிடக்கு, பஞ்சுத் தாடியோட.

மாட்டுத்தாவணி:
காலண்டர கிழிச்சுப் பாத்தீங்களாம்மா? 19 அமாவாசை! வெள்ளி வேற, மார்கழி வேற. பிரியாணிய யாருக்குப் போடப் போறீங்க? பேசாம சாப்பாட்ட சைவமாவே வச்சிருங்க, சண்டையே இல்ல.

நாஞ்சில்காரி:
மாட்டுத்தாவணி அண்ணே, கிறிஸ்துமஸுக்கு வெஜிடபிள் பிரியாணியா? பொங்கலுக்கு நாங்க வந்து உப்புமா போதும்னா விடுவீங்களா?

உப்புக்காத்து, நான் எங்க ஆபீஸ்ல இருக்க ஒரே கிறிஸ்தவள், அதனால கொஞ்சம் உரிமையோட சொல்றேன். 24-ம் தேதி தயவுசெஞ்சு வேண்டாம். அன்னைக்கு எங்க வீட்ல வெள்ளையடிச்ச வாடை போயிருக்காது, அச்சு முறுக்கு பாதி சுட்டு நிக்கும், பிள்ளைகளுக்கு தைக்கக் குடுத்தது வந்திருக்காது, நடுராத்திரி பூசைக்கு வேற போகணும். உங்க அண்ணாச்சி அந்த நாலு பேரையும் 24 மத்தியானமே வீட்டுக்கு அனுப்பினா, அதுதான் பெரிய கிஃப்ட்டு.

சான்டா டிரெஸ்ஸ எங்கள்ல ஒருத்தர் தலையில கட்டிராதீங்க. நாலு வருஷமா நான்தான் தாத்தா. "நீதான கிறிஸ்டியன்"னு சொல்லிச் சொல்லியே அந்தத் தாடிய மாட்டி விட்டுருவாங்க. பாட்டும் நான்தான் பாடணும். எனக்குப் பாடவே வராது. சீட்டு குலுக்கிப் போடுங்க.

குடில் வைக்கிற ஐடியா இருந்தா ஒண்ணு. குழந்தை இயேசு சொரூபத்த 24 ராத்திரிதான் வைப்போம். அதுவரைக்கும் தொட்டில் காலியாத்தான் இருக்கும். எங்க ஆபீஸ்ல பத்தாம் தேதியே படுக்க வச்சிட்டு என்னைக் கூப்பிட்டுக் காமிச்சாங்க. என்னத்தச் சொல்ல, அழகா இருக்குன்னு சொல்லிட்டேன்.

பேரேடு:
ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன். கணக்காளருக்கே கணக்கு சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. சாப்பாட்டு பில்லு, கேட்டரிங் பில்லுல இருக்க ஜிஎஸ்டிக்கு 17(5) பிரிவுப்படி இன்புட் கிரெடிட் (கட்டின வரிய நம்ம வரியில கழிச்சுக்கிறது) கிடையாது. அதனால 12,000-ன்னா வரியோட சேத்து 12,000. கேக்குக்கு வரி 2025 செப்டம்பர் 22-லிருந்து 18 சதவீதத்துல இருந்து 5 ஆயிருச்சு. பழைய ரேட்டுல பில்லு போட்டா கேளுங்க.

பிரியாணிய தலைக்கு ஒரு பொட்டலம்னு வாங்காதீங்க. ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டு பேருக்கு தாராளம். நீங்க சொல்ற கணக்குக்கு கவிச்சி சாப்பிடுறவங்க 13 பேர், ரெண்டு கிலோ போட்டா மிஞ்சும்.

மாட்டுத்தாவணி:
நாஞ்சில் தங்கச்சி சொல்றது சரிதான், உப்புமா நானும் திங்க மாட்டேன். வாபஸ். ஆனா மாலை போட்ட சாமிகளுக்கு தனி இலை போட்டாலும் வெளிச் சாப்பாடு நிறைய பேர் தொட மாட்டாங்க. அவங்களையே கேட்டுட்டு, பழம், இளநீர்னு வைங்க. மக்ரூன் சைவம்னு நினைச்சு நீட்டிராதீங்க. முந்திரியும் சீனியும் மட்டும் இல்ல, முட்டை வெள்ளைக்கருவ அடிச்சுத்தான் அத பண்றது.

உப்புக்காத்து:
ஐயோ, மக்ரூன்! பொறந்ததுல இருந்து தின்னுறேன், இது தோணவே இல்லண்ணே. சாமி ரெண்டு பேருக்கும் அதத்தான் டப்பாவுல போட்டுக் குடுக்கலாம்னு இருந்தேன்.

எல்லார்ட்டயும் தனித்தனியா கேட்டேன். சைவக்காரங்க, மாலை போட்டவங்க போக, சனிக்கிழமை கவிச்சி தொடாதவங்க அஞ்சு பேர், திங்கக்கிழமை ஒரே ஒருத்தர். அதனால 22 திங்கள், மத்தியானம் ஒண்ணரைக்கு. அன்னைக்கு கப்பல் கட்-ஆஃப் (சரக்கு ஒப்படைக்கிற கடைசி நேரம்) எதுவும் இல்லன்னு ஆபரேஷன்ஸ்ல கேட்டுக்கிட்டேன். சிக்கன் பிரியாணி ரெண்டு கிலோ, முஸ்லிம் அண்ணனே ஹலால் கடையில சொல்லி வாங்கித் தர்றாங்க. சைவக்காரங்களுக்கு வேற கடை, வேற கரண்டி. ப்ளம் கேக்குக்குப் பழத்த ரம்முல ஊற வைக்காம ஜூஸ்ல ஊற வைக்கச் சொல்லியாச்சு. முட்டையில்லாத கேக்கு அரைக் கிலோ தனியா. 24 அரை நாளுக்கு அண்ணாச்சி சரின்னுட்டாங்க, "எல்லாருக்குமா?"ன்னு ஒரு தடவ முறைச்சுட்டு. ஊட்டி விடுறது மட்டும் வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, கேக்கை முன்னாடியே துண்டு போட்டு தட்டுல வச்சிரப் போறேன்.

சான்டா சீட்டு என் பேர்ல விழுந்துச்சு. சிரிக்காதீங்க.

கிறிஸ்மா சீட்டும் நேத்தே எடுத்தாச்சு. யாருக்கு யாருன்னு எனக்குத் தெரியக் கூடாதுதான், ஆனா டாக்குமென்டேஷன் தம்பி சாயந்தரம் மெல்ல பக்கத்துல வந்து நின்னான். அவனுக்கு வந்திருக்கிறது அண்ணாச்சி பேரு. 200 ரூபாய்க்குள்ள என்ன வாங்கலாம்னு கேக்குறான். யோசனை இருந்தா சொல்லுங்க, திங்கக்கிழமைக்குள்ள.

நாஞ்சில்காரி:
கைக்குட்டை செட்டு வாங்கச் சொல்லுங்க. க்ரீம் துடைக்க ஆகும்.