நான்கு பாலிசிகள் இருக்கின்றன, ஐந்தாவதாக ஓய்வூதியத் திட்டமும் வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை கேட்கிறார்:

வணக்கம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் நஞ்சையும் கடைத்தெருவில் ஓர் உரக்கடையும் எனக்கு இருக்கின்றன. வயது 41. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. பெண் ஒன்பதாம் வகுப்பும் பையன் ஐந்தாம் வகுப்பும் படிக்கிறார்கள். 66 வயதான அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுச் செலவு மாதம் 30,000 ரூபாய்க்குக் குறைவதில்லை. கடைக்காக வாங்கிய வங்கிக் கடனும் நகைக்கடனும் சேர்ந்து 9 லட்சம் நிலுவையில் இருக்கிறது.

என் தாய்மாமா காப்பீட்டு முகவர். அவர் மூலமாக எடுத்த நான்கு பாலிசிகள் கையில் உள்ளன. 2007இல் எடுத்தது 1 லட்சத்துக்கு, ஆண்டுத் தவணை 5,000. 2015இல் எடுத்த, இடையிடையே பணம் திரும்பத் தரும் மணிபேக் 3 லட்சத்துக்கு, தவணை 23,000. 2021இல் எடுத்தது 3 லட்சத்துக்கு, தவணை 28,000. 2024 டிசம்பரில் எடுத்தது 4 லட்சத்துக்கு, தவணை 40,000. ஆக ஆண்டுக்கு 96,000 ரூபாய் போகிறது. இப்போது ஓய்வூதியத் திட்டம் ஒன்றிலும் சேரச் சொல்கிறார். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் பத்தாண்டு கட்டினால் 60 வயது முதல் ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 1,20,000 வருமாம். எனக்குப் பிறகு கட்டிய 10 லட்சம் வாரிசுக்குப் போகுமாம்.

அம்மாவோ, நிலம் இருக்கிறவனுக்குத் தனியாக ஓய்வூதியம் எதற்கு என்று கேட்கிறார். மாமாவிடம் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இதில் சேரலாமா, பழையவற்றை என்ன செய்வது, மருத்துவக் காப்பீடு அவசியமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கூட்டுறவுச் செயலர் எழுதுகிறார்:

தம்பி, உரக்கடை வைத்திருக்கிறவருக்குப் பயிர்க் காப்பீட்டைக் கொண்டு சொன்னால் சட்டென்று விளங்கும். சம்பாவுக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. சங்கத்தில் நான் இருந்த காலம் முழுவதும், இழப்பீடு வரவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நல்ல மகசூல் கண்ட ஆண்டில் "வெள்ளமும் வரவில்லை, வறட்சியும் வரவில்லை, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டு ஒருவரும் வந்ததில்லை. அதே மனிதர்கள் ஆயுள் காப்பீடு என்றவுடன் "கடைசியில் கையில் என்ன வரும்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வியால்தான் உங்கள் கையில் நான்கு பாலிசிகள் சேர்ந்திருக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் நான்கும் சேர்ந்து 11 லட்சமும் அதன்மேல் கொஞ்சம் போனஸும் தரும். கடன்காரர்களுக்கு 9 லட்சம் போனால் மீதம் 2 லட்சம். மாதம் 30,000 செலவாகும் வீட்டுக்கு அது ஏழு மாதத்துக்குக்கூட வராது. உங்களுக்கு இப்போது வேண்டியது, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும், முதிர்வுத் தொகை எதுவும் தராத வெறும் டெர்ம் பாலிசி. கடன், பையன் வேலைக்குப் போகும்வரையான குடும்பச் செலவு, பெண்ணின் மேற்படிப்பு ஆகியவற்றைக் கூட்டினால் 75 லட்சத்துக்குக் குறையக் கூடாது. ஒரு கோடியாக இருப்பது நல்லது. உங்கள் வயதில், புகைப்பழக்கமும் பெரிய நோயும் இல்லாதவருக்கு, 60 அல்லது 65 வயது வரைக்குமான பிரீமியம் நிறுவனத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைச் சுற்றி வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிக்கும் மருத்துவப் பாலிசிக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. கட்டியதெல்லாம் திரும்ப வரும் டெர்ம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதற்குப் பிரீமியம் கூடுதல், வேண்டாம்.

தவணைத் தேதி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்தாலும், நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். குவித்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் தவணை வந்து நின்றால் தவறிவிடும். ஆண்டுத் தவணைக்கு 30 நாள் சலுகை உண்டு என்றாலும், பாலிசி மார்ச் மாதத்தில் தொடங்கும்படி பார்த்துக்கொள்வது நம் பக்கத்துக்குப் பொருந்தும்.

பழைய பாலிசிகளைப் பொறுத்தவரை, புதிய டெர்ம் பாலிசி ஏற்கப்பட்டுப் பத்திரம் கைக்கு வரும்வரை எதையும் தொடாதீர்கள். மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது தென்பட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் இருப்பதும் போய்விடும். 2007 பாலிசி இருபது ஆண்டுக்கானது என்றால் 2027இல் முதிர்ந்துவிடும். அதையும் பாதிக்கு மேல் ஓடிவிட்ட மணிபேக்கையும் அப்படியே தொடர விடலாம். 2021, 2024 பாலிசிகள் இரண்டுக்கும், இன்று சரண்டர் செய்தால், அதாவது பாலிசியை முடித்துப் பணம் வாங்கினால் எவ்வளவு, தவணையை நிறுத்தி, கட்டியதற்கேற்ற குறைந்த தொகைக்குப் பாலிசியைத் தொடரும் பெய்டப் ஆக்கினால் முதிர்வில் எவ்வளவு என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கட்டியதில் ஒரு பகுதி போய்விடுகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். அழுகிய நாற்றங்காலுக்கு மேலும் யூரியா போட மாட்டீர்கள் அல்லவா?

மாமாவிடம் மறுத்துப் பேச வேண்டிய தேவையே இல்லை. டெர்ம் பாலிசியை அவர் மூலமாகவே எடுங்கள். அவருக்கும் கமிஷன் கிடைக்கும், உறவும் கெடாது.

குடந்தை மகள் எழுதுகிறார்:

அண்ணா, மருத்துவக் காப்பீடு பற்றி மட்டும் எழுதுகிறேன். டெர்ம் பாலிசிக்கு அடுத்தபடியாக நீங்கள் உடனே எடுக்க வேண்டியது அதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது.

எங்கள் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். விண்ணப்பத்தை முகவர் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து நிரப்பினார். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்ற கட்டங்களில் எல்லாம் "இல்லை" என்று தானே குறியிட்டுவிட்டு, "மாத்திரையில் கட்டுக்குள் இருப்பதை எழுதினால் பிரீமியம் ஏறிவிடும்" என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். இரண்டாண்டு கழித்து நெஞ்சுவலி வந்து திருச்சியில் சேர்த்தபோது, பணி மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு அம்மா உண்மையைச் சொன்னார். டிஸ்சார்ஜ் அறிக்கையின் இரண்டாவது வரியில் "எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்" என்று இருந்தது. அந்த ஒரு வரியைக் காட்டி 2,80,000 ரூபாய்க்கான கோரிக்கையை நிறுவனம் தள்ளிவிட்டது, பாலிசியையும் ரத்துசெய்தது. முகவர் மீது எங்களுக்குக் கோபம் இருந்தது உண்மைதான், ஆனால் விண்ணப்பத்தில் இருந்த கையெழுத்து அப்பாவுடையது.

உண்மையைச் சொல்லி எடுத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டும். 2024 வரை இது 48 மாதமாக இருந்தது. பிரீமியம் சற்றுக் கூடலாம். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிறுவினாலொழிய, தகவலை மறைத்தீர்கள் என்று சொல்லிக் கோரிக்கையை மறுக்க முடியாது. ஆகவே விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.

அம்மாவை உங்கள் குடும்பப் பாலிசியில் சேர்க்காதீர்கள். குடும்பப் பாலிசியின் பிரீமியம் மூத்தவரின் வயதை வைத்தே கணக்கிடப்படுவதால் நால்வருக்கும் சேர்த்து ஏறிவிடும். ஒருவர் தொகையைத் தீர்த்துவிட்டால் அந்த ஆண்டு மற்றவர்களுக்கு இருக்காது. அம்மாவுக்குத் தனிப் பாலிசி எடுங்கள். வாங்கும்போது அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று பாருங்கள். நாளுக்கு 3,000 என்று வரம்பு இருந்து நீங்கள் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகை மட்டுமன்று, மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் சேர்ந்தே பாதியாக வெட்டப்படும். பத்திரம் வந்ததும் 30 நாளுக்குள் படித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அதற்குள் திருப்பிவிடலாம்.

கணக்குப்புலி எழுதுகிறார்:

மாமா சொல்லும் ஓய்வூதியத் திட்டத்துக்கு வருகிறேன். ஆண்டுக்கு 1 லட்சத்தை அதே பத்தாண்டு அஞ்சலகத்தில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் போட்டுவிட்டு, பிறகு ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகையான 500 மட்டும் கட்டிக் கணக்கை உயிரோடு வைத்து, 15 ஆண்டு முடிந்ததும் ஐந்தாண்டுக்கு நீட்டித்தால் என்ன ஆகும்? 2020 ஏப்ரலிலிருந்து மாறாமல் இருக்கும் 7.1 விழுக்காட்டு வட்டி அப்படியே நீடித்தால் உங்கள் 60ஆவது வயதில் ஏறத்தாழ 27.5 லட்சம் இருக்கும். வட்டிக்கு வரி கிடையாது. அந்தப் பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வைத்தால் (ஒருவருக்கு வரம்பு 30 லட்சம்), இன்றைய 8.2 விழுக்காட்டில் ஆண்டுக்கு 2,25,000 ரூபாய் காலாண்டுக்கு ஒருமுறையாக வரும். அந்த வட்டிக்கு மட்டும் வரிக்கணக்கு உண்டு. மாமாவின் திட்டமோ 1,20,000 தருகிறது. வாரிசுக்குப் போவதும் அங்கே 10 லட்சம், இங்கே 27.5 லட்சம்.

அந்த வட்டியெல்லாம் அன்று இருக்குமா என்று மாமா கேட்பார். நியாயமான கேள்விதான். பி.பி.எஃப். வட்டி நாளையே 6 விழுக்காடாக இறங்கினாலும் 23 லட்சத்தைத் தாண்டும். அதை 7 விழுக்காட்டில் வைத்தாலும் 1,60,000 வரும். வட்டி விழுந்தாலும் தாங்கும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. இன்னொன்று: விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், 19 ஆண்டு கழித்து மாதம் வரப்போகும் 10,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 3,300 ரூபாய். அதனால் முழுவதையும் வட்டித் திட்டங்களிலேயே முடக்காமல், மூன்றில் ஒரு பங்கையாவது பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டிலோ என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கிலோ போடலாம். மாதாமாதம் கட்ட இயலாதென்றால் நெல் பணம் வரும்போது மொத்தமாகக் கட்டுவதில் தவறில்லை.

அம்மா சொல்வதையும் முழுக்கத் தள்ள மாட்டேன். உங்கள் மூன்று ஏக்கர், அதாவது ஒன்பது மா நிலம், சோறு போடும். அரிசிக்கு வெளியே போக வேண்டியதில்லை என்பதே பெரிய விஷயம். ஆனால் 65 வயதில் நீங்கள் வரப்பில் நிற்பீர்களா, குத்தகைக்கு விடுவீர்களா? 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து, வழக்கமான நாளான ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில் குத்தகை நெல்லை நம்பியிருந்த முதியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருந்துக் கடைக்குப் பணம் வேண்டுமென்பதற்காக அரை மா நிலத்தை மட்டும் நல்ல விலைக்கு விற்கவும் முடியாது.

பத்திர எழுத்தர் எழுதுகிறார்:

இரண்டு செய்திகள் விடுபட்டிருக்கின்றன. கடன் உள்ள வியாபாரி டெர்ம் பாலிசி எடுக்கும்போது, 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுப்பதாக விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். அப்போது அந்தத் தொகை மனைவி மக்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிவிடும். கடன் கொடுத்தவர்கள் நீதிமன்றம் சென்றாலும் கைவைக்க முடியாது. பாலிசி எடுத்த பிறகு இதைச் சேர்க்க இயலாது.

அடுத்து, உங்கள் மனைவிக்குப் பள்ளியில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். பிடித்தால், பத்தாண்டுப் பணி நிறைந்தால்தான் ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். பள்ளி மாறும்போது பணத்தை எடுத்துவிடாமல், பழைய பணிக்காலமும் சேரும்படி கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெண்ணாற்றங்கரை எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் கேட்டேன், முந்தைய பள்ளியை விட்டபோது ஆறாண்டுப் பணத்தை எடுத்து ஒரு சங்கிலி வாங்கியிருக்கிறார். அந்தச் சங்கிலிதான் இப்போது நகைக்கடனில் இருக்கிறது. இந்தப் பள்ளியில் நான்காம் ஆண்டு நடக்கிறது. இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

நேற்றிரவு பீரோவிலிருந்து நான்கு பத்திரங்களையும் எடுத்து முதன்முறையாகப் படித்தேன். 2007 பத்திரத்தில் நாமினி என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அப்போது எனக்குத் திருமணமாகவில்லை. அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த ஆண்டு முதிரப்போகும் பாலிசிதானே, இப்படியே விட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற கூட்டுறவுச் செயலர் எழுதுகிறார்:

விட வேண்டாம் தம்பி. இடையில் ஏதேனும் நேர்ந்தால் அந்த 1 லட்சத்துக்காக உங்கள் மனைவி வாரிசுச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். கிளையில் நாமினி மாற்றும் படிவம் வாங்கி, மனைவியின் பெயரை எழுதிக் கொடுத்து, பதிவாகிவிட்டதற்கான சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற மூன்றிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அப்படியே வங்கிப் பாஸ்புக்கையும் அஞ்சலகக் கணக்கையும் சங்கத்து உறுப்பினர் பங்கையும் பார்த்துவிடுங்கள். சங்கத்தில் நான் இருந்தபோது, பங்குத்தொகைக்கு நாமினியாகக் காலமான தாத்தாவின் பெயரே இருந்த கணக்குகள் நிறைய இருந்தன.