இன்டர்நேஷனல் லா படிச்சு சைபர் பக்கம் போகணும்னா கோடிங் தெரியணுமா?

குழப்பவாதி:
எல்எல்பி கடைசி வருஷம். இன்டர்நேஷனல் லா எடுத்து சைபர் செக்யூரிட்டி பக்கம் புரொஃபசரா போகணும்னு ஆசை. வீட்ல சொன்னா "ஹேக்கரைப் பிடிக்கிற வேலையா?"ங்கறாங்க, எனக்கே பதில் சொல்லத் தெரியல. இந்த ஃபீல்டுல புரொஃபசருங்க நிஜமா என்னதான் பண்றாங்க? கோடிங் தெரியாம காலம் தள்ளலாமா?

பழைய_பெஞ்ச்:
மைக்கேல் ஷ்மிட் போன ரூட்டைப் பாருங்க. அமெரிக்க ஏர்ஃபோர்ஸ்ல 20 வருஷம் லாயரா இருந்துட்டு பேராசிரியர் ஆனவர். கம்ப்யூட்டர் தாக்குதல் எப்போ ஐநா சாசனம் 2(4) தடுக்கிற பலப்பிரயோகம் ஆகும்னு 1999லயே கட்டுரை எழுதிட்டார். 2007ல எஸ்டோனியாவுல சைபர் தாக்குதல்ல பேங்க், பத்திரிகை, அரசு சைட்டுன்னு எல்லாம் படுத்துடுச்சு, அடுத்த வருஷமே அதோட தலைநகர் தாலின்ல நேட்டோ அங்கீகாரத்தோட சைபர் மையம் வந்துச்சு, அது கூட்டின நிபுணர் குழுவுக்கு இவர்தான் தலைமை, இருக்கற சர்வதேச சட்டம் சைபருக்கு எப்படிப் பொருந்தும்னு சொல்ற தாலின் மேனுவல் 2013ல வந்துச்சு, 2017ல ரெண்டாவது பதிப்பு, அதுல மொத்தம் 154 விதி. குழு எங்கெங்க ஒத்துப்போகலைன்னும் அதுலயே எழுதியிருக்கும், எனக்கு விதியை விட அந்தப் பஞ்சாயத்துதான் ருசி. ஆனா அது சட்டம் இல்ல, எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது.

லாக்_ஃபைல்:
நான் செக்யூரிட்டி ஆள், லாயர் இல்ல. கோடிங்லாம் வேணாம், ஆனா ஐபி அட்ரஸை (நெட்ல ஒரு கம்ப்யூட்டரோட முகவரி நம்பர்) மட்டும் வச்சு "இந்த நாடுதான் பண்ணுச்சு"ன்னு சொல்ல முடியாதுங்கறதாவது தெரியணும். எங்க லீகல் ஆள் ஒருத்தர் லாக்ல ஒரு ஐபியைப் பார்த்துட்டு அந்த நாட்டு அரசாங்கமே காரணம்னு டிராஃப்ட் ரெடி பண்ணிட்டார். கடைசில பார்த்தா எவனோ வாடகைக்கு எடுத்த சர்வர்.

குழப்பவாதி:
அப்போ சர்வர் இருக்கற நாட்டுக்கு பொறுப்பே கிடையாதா?

பழைய_பெஞ்ச்:
இதுக்குத்தான் பழைய கேஸ் படிங்கறது. 1946ல அல்பேனியா பக்கத்துல இருக்கற கோர்ஃபு ஜலசந்தில ரெண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல் கண்ணிவெடில மாட்டி 40 பேருக்கு மேல செத்தாங்க. வெடி வச்சது அல்பேனியான்னு நிரூபணம் ஆகல. ஆனா தன் கடல்ல வெடி கிடந்தது அதுக்குத் தெரியாம இருந்திருக்காது, தெரிஞ்சும் எச்சரிக்கலைன்னு 1949ல சர்வதேச நீதிமன்றம் அதைப் பொறுப்பாக்குச்சு. கடலை எடுத்துட்டு சர்வரை வைங்க, உங்க கேள்வி வந்துடும். தன் மண்ணுல இருந்து அடுத்த நாட்டைத் தாக்க தெரிஞ்சே விடக்கூடாதுங்கற இதையே 2015ல ஐநா நிபுணர் குழு, நாடுகள் தானா முன்வந்து பின்பற்ற வேண்டிய நெறின்னு மட்டும்தான் எழுதுச்சு. சைபருக்கு இது கட்டாயமா இல்லையாங்கற சண்டை இன்னும் முடியல, உங்க தீசிஸுக்கு அதுவே போதும்.

குழப்பவாதி:
தீர்ப்பை டவுன்லோட் பண்ணிட்டேன். இனி வீட்ல கேட்டா கப்பல் கேஸ் படிக்கிறேன்னு சொல்லணும், சுத்தமா குழம்பிடுவாங்க 😄