மூன்று கியர் ஹப்பில் இரண்டு பல்லுச்சில்லு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

அண்ணாமார், தம்பிமார், சைக்கிள் திருத்துற ஆக்களிட்ட ஒரு உதவி. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஏற்றம் பெரிதாக இல்லை. சோளகக் காற்றும் கரியரில் கட்டின விறகும்தான் பாரம்.

28 அங்குலச் சில்லு, முன்னுக்கு 44 பல், பின்னுக்கு ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ ஹப் (கியர் சில்லின் குடத்துக்குள்ளேயே இருக்கிற வகை). அதன் மூன்று கியரிலும் சில்லு, பின் பல்லுச்சில்லின் வேகத்தில் 75, 100, 133 வீதம் சுற்றும். எதிர்காற்றுக்கு இந்த இடைவெளி பெரிது. 19, 22 பல் இரண்டையும் சேர்த்துப் போட்டு டிரெயிலியரால் (செயினை ஒரு பல்லுச்சில்லிலிருந்து மற்றதுக்குத் தள்ளுற கருவி) மாற்றினால், கியர் அங்குலக் கணக்கில் (முன் பல்லைப் பின் பல்லால் பிரித்து, சில்லின் அங்குலத்தாலும் ஹப் வீதத்தாலும் பெருக்கினது) 42, 49, 56, 65, 75, 86 அங்குலம் என்று ஆறு கியரும் ஒழுங்காக விழும். 16, 22 வேண்டாம். 56ம் 58ம், 75ம் 77ம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வீணாக நாலு கியரே மிஞ்சும். 22க்கு மேலும் போகேலாது, ஹப்பின் உள்பல்லுக்குப் பாரம் கூடிவிடும்.

இடம் காணும்: தடித்த பல்லுச்சில்லையும் ஒரு வாசரையும் கழற்றினால், 2.4 மி.மீ. தடிப்பில் இரண்டை, குழிவு எதிரெதிராக இருக்க ஏற்றலாம். செயினும் ஒடுக்கமானதாக வேணும்.

சிக்கல் இதுதான்: ஹப்பில் மாட்டுறதுக்கு உள்விளிம்பில் மூன்று காதுள்ள 19, 22 பல் மெல்லிய சில்லு கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் எங்கை எடுக்கலாம்? கசெட் (பல கியர் சைக்கிளின் பின் பல்லுச்சில்லு அடுக்கு) சில்லின் ஒன்பது காதில் ஆறை அராவி எடுத்துப் போட்டவை யாரும் உண்டோ? பாரத்தில் மிச்சம் மூன்றும் தாங்கினதோ? ஹப்பின் அச்சிலிருந்து வெளியே வாற சின்னக் கியர்ச் சங்கிலி டிரெயிலியரில் உரசாமல் கேபிளை எப்படிக் கொண்டுவந்தனீங்கள்? படம் இருந்தால் போடுங்கோ.